நவ்ரூஸ் தட்டுக்கு ஐந்து பிஸ்கட்டுகள், மைதா இல்லாமல்

பொட்டுக்கடலை மாவு, சர்க்கரைத் தூள், நெய், ஏலக்காய். இந்த நாலையும் மேடையில் எடுத்து வைத்தால், மாலாடு பிடிக்கப் போகிறார்கள் என்றுதான் நம் வீட்டில் யாரும் நினைப்பார்கள். ஈரானில் இதே நாலு சாமானைப் பிசைந்து, நாலு இதழ்ப் பூவாக வெட்டி, மந்தமான சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். பெயர் நொஹொத்சி. நொஹொத் என்றால் கொண்டைக்கடலை.

பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ், வசந்தம் பிறக்கும் நாளில் வருகிறது. இரவும் பகலும் சமமாகும் அந்த நொடிதான் ஆண்டுப் பிறப்பு. நம் காலண்டரில் மார்ச் 20 அல்லது 21. அதிலிருந்து பதின்மூன்று நாள் கொண்டாட்டம். முதலில் வீட்டுப் பெரியவர்களைப் போய்ப் பார்ப்பார்கள், பிறகு அவர்கள் திரும்ப வருவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சின்னக் கண்ணாடிக் குவளையில் கட்டன் தேநீர், பக்கத்தில் தட்டு நிறைய பிஸ்கட். ஒரே நாளில் நாலைந்து வீடு ஏறி இறங்க வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்குள் அடங்கும் அளவுதான். பெரிதாகச் செய்தால் தட்டின் அழகே போய்விடும்.

இந்தத் தட்டில் வரும் பழைய வகைகளில் பெரும்பாலானவற்றில் கோதுமையே கிடையாது. கடலை மாவு, அரிசி மாவு, அக்ரூட், தேங்காய், பாதாம், அவ்வளவுதான். கேட்க நன்றாக இருக்கும், செய்யும்போதுதான் சிக்கல் தெரியும். மைதாவில் ஈரம் பட்டால் இழுவை வந்து மாவைப் பிடித்துக்கொள்ளும். இவற்றில் அந்தப் பிடிப்பே இல்லை. பிஸ்கட் உடையாமல் நிற்பது இரண்டே காரணத்தால்: நன்றாகக் குளிர்ந்து இறுகிய நெய், இல்லாவிட்டால் முட்டைக் கரு. ஆகவே பொறுமையாக ஊறவிடுவதும், குறைந்த சூட்டில் சுடுவதும்தான் பாதிச் சமையல். அவசரப்பட்டுச் செய்தால் தட்டில் தூள்தான் மிஞ்சும்.

முன்கூட்டியே கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, தராசு. கப் அளவு இங்கே உதவாது. பொட்டுக்கடலை மாவைச் சலித்து அளப்பதற்கும் அழுத்தி அளப்பதற்கும் ஒரு கப்பில் முப்பது நாற்பது கிராம் வித்தியாசம் வந்துவிடும். அந்த வித்தியாசமே பிஸ்கட்டை உதிர்த்துவிடும்.

இரண்டு, பன்னீர். கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீர் சாப்பிடுவதற்கானது அல்ல. உணவுக்கு என்று அச்சிட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். ஈரானில் காஷான் அருகே கம்சர் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. மே மாத வாக்கில் ரோஜாவைப் பறித்துச் செம்புப் பானையில் வடிப்பார்கள். ரோஸ் எசென்ஸ்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு சொட்டைச் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். மூன்றாவது சொட்டு விழுந்தால் சோப்பு வாசனை.

மூன்று, ஓவன். நம் வீடுகளில் இருக்கும் சிறிய ஓவன்களில் முள் 150 காட்டும்போது உள்ளே 170 இருப்பது சகஜம். கேக்குக்கு அது பெரிய விஷயம் இல்லை, இந்த வெள்ளை பிஸ்கட்டுகளுக்கு அதுவே கேடு. ஓவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிடுவது நல்லது. மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, நடுத் தட்டில் வையுங்கள். விசிறி ஓடும் ஓவனானால் நான் சொல்லும் சூட்டில் பத்து டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

நொஹொத்சி

கஸ்வீன் நகரத்துப் பண்டம். பொட்டுக்கடலை மாவு 250 கிராம், ஐசிங் சர்க்கரை 110 கிராம், நெய் 150 கிராம், ஏலக்காய்த் தூள் இரண்டு டீஸ்பூன், மேலே வைக்கக் கொஞ்சம் பிஸ்தா. இரண்டரை செ.மீ. அச்சில் வெட்டினால் அறுபத்தைந்து எழுபது வரும். முட்டை கிடையாது.

மாவு பொட்டுக்கடலையாகவே இருக்கட்டும். பஜ்ஜிக்குப் போடும் கடலை மாவு வறுக்காத கடலைப் பருப்பை அரைத்தது. 150 டிகிரியில் இருபது நிமிடத்தில் அதன் பச்சை வாசனை போகாது, கடைசிவரை நாக்கில் நிற்கும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, ஈரானியர் இதற்குப் பயன்படுத்துவதும் வறுத்த கடலையின் மாவைத்தான். வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் சூடுகாட்டி, முழுக்க ஆறிய பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து, மிக நுண்ணிய சல்லடையில் இரண்டு தடவை சலியுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் டால்கம் பவுடர் மாதிரி வழுக்க வேண்டும். நெருநெருவென்றால் இன்னொரு சுற்று. சாப்பிடும்போது தொண்டையில் மாவு ஒட்டுவதாகத் தோன்றினால் பெரும்பாலும் சலித்தது போதவில்லை என்று அர்த்தம்.

நெய் உருகியிருக்கக் கூடாது. மார்ச் மாதச் சென்னை வெயிலில் ஜாடிக்குள் நெய் தண்ணீராகத்தான் நிற்கும். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து, கை விஸ்க்கால் ஐந்தாறு நிமிடம் அடியுங்கள். முதலில் ஓரத்தில் மணல் மணலாக உறையும், பிறகு மெல்ல மெல்ல வெளுத்து வெண்ணெய் பதத்துக்கு வரும். அப்போது ஐசிங் சர்க்கரையைச் சலித்துப் போட்டு இன்னும் மூன்று நிமிடம் அடித்து, ஏலக்காய் சேருங்கள். வெண்ணெய் போடலாமா என்றால், வேண்டாம். அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். கடலை மாவு அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பசையாகி, சுட்ட பிறகு கல்லாகிவிடும்.

மாவை மூன்று பங்காகச் சேர்த்துக் கையால் பிசையுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஈரமணல் போல இருக்கும், ‘நெய் போதாது’ என்று கை தானாக ஜாடியை நோக்கிப் போகும். போகவிடாதீர்கள். ஏழெட்டு நிமிடம் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பிசைந்தால் கையின் சூட்டில் நெய் இளகி, மாவு பாத்திரத்தை விட்டு ஒரே உருண்டையாக வரும். அதன் பிறகும் உதிர்ந்தால் மட்டும் ஒரு டீஸ்பூன் நெய். அதற்கு மேல் விட்டால் ஓவனில் பூ பூவாக இருக்காது, வட்டமாகப் படுத்துவிடும்.

ஒன்றரை செ.மீ. கனத்தில் பலகையாகத் தட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு. குறைந்தது நாலு மணி நேரம். வெட்டும்போது பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் வெளியே எடுங்கள். அச்சை நேராக அழுத்தி, திருகாமல் நேராகத் தூக்க வேண்டும். திருகினால் இதழ் பிய்ந்துவிடும். வெட்டும்போது பலகை வெடித்தால் குளிர் அதிகம் என்று அர்த்தம், ஐந்து நிமிடம் வெளியே இருக்கட்டும். நாலு இதழ் அச்சு கிடைக்காவிட்டால் ஏதாவது சின்னப் பூ அச்சு போதும். நடுவில் ஒரு பிஸ்தாச் சீவலைச் செருகி, தட்டோடு பத்து நிமிடம் ஃபிரீஸரில் வைத்து, நேராக ஓவனுக்கு.

150 டிகிரி, 20 முதல் 25 நிமிடம். நிறம் மாறுவதைப் பார்த்து எடுப்பவர்கள் இதில் ஏமாறுவார்கள், ஏனென்றால் நிறம் மாறவே கூடாது. மேலே மயிரிழை போல வெடிப்பு விட்டிருக்கும், அடிப்பாகம் மட்டும் லேசான மணல் நிறமாகும், வீடெல்லாம் வறுத்த கடலை வாசனை வரும். அதுதான் அடையாளம். சூடாக இருக்கும்போது தொட்டால் அப்படியே நொறுங்கும். ஒரு மணி நேரம் தட்டிலேயே கிடக்கட்டும். ஆறிய பின் இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கலாம். வாயில் போட்டால் கடிக்கவே வேண்டாம், நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் அழுத்தினாலே கரைந்துவிடும். கடித்துத் தின்ன வேண்டியிருந்தால் சூடு அதிகமாகிவிட்டது.

நான் பெரெஞ்சி

பெரெஞ்ஜ் என்றால் அரிசி. நான் என்பது ரொட்டிக்குப் பாரசீகச் சொல். நம் பேக்கரி நான்கட்டாயில் இருக்கும் ‘நான்’ இதுதான். கெர்மான்ஷா ஊரின் பெயரோடு சேர்த்தே இதைச் சொல்வார்கள். அந்த ஊரின் இன்னொரு பெருமை அங்கே காய்ச்சும் நெய். அதனால் இதிலும் நெய்தான், வனஸ்பதி வேண்டாம்.

பச்சரிசி மாவு 300 கிராம், நெய் 150 கிராம், ஐசிங் சர்க்கரை 120 கிராம், முட்டை மஞ்சள் கரு இரண்டு, பன்னீர் 30 மி.லி., ஏலக்காய்த் தூள் ஒரு டீஸ்பூன்.

ஐந்து வகையில் அதிகம் பேர் சறுக்குவது இதில்தான், காரணம் அரிசி மாவு. இடியாப்பத்துக்கு வறுத்து வைத்திருக்கும் மாவு கூடாது; அது ஈரத்தைக் கண்டபடி இழுத்து பிஸ்கட்டை வறட்டியாக்கிவிடும். கொழுக்கட்டைக்கு அரைத்த ஈர மாவும் கூடாது. காய்ந்த பச்சரிசியை மில்லில் நைசாக அரைத்த மாவு, அல்லது கடையில் விற்கும் நைஸ் அரிசி மாவு. அதையும் ஒரு தடவை சலியுங்கள்.

நெய்யை முன் சொன்னபடி வெளுக்க அடித்து, சர்க்கரை, பிறகு ஒவ்வொன்றாக மஞ்சள் கரு. பன்னீரை ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு டேபிள்ஸ்பூனாக விட்டு அடிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கமாகத் திரிந்துவிடும். திரிந்தால் பயம் இல்லை, இரண்டு ஸ்பூன் அரிசி மாவைத் தூவி அடித்தால் சேர்ந்துவிடும். பிறகு மீதி மாவு, ஏலக்காய். மூன்று நிமிடம் பிசைந்தால் போதும், இழுவை வரப்போவதில்லை. மூடி ஃபிரிட்ஜில் ஓர் இரவு முழுக்க. இங்கே குறுக்குவழி கிடையாது. அரிசி மாவு ஈரத்தை உள்ளே வாங்க அத்தனை நேரம் பிடிக்கும். இரண்டு மணி நேரத்தில் எடுத்துச் சுட்டால் பல்லில் மணல் கடிபடுவது போல இருக்கும்.

மறுநாள் 15 கிராம் உருண்டைகளாக உருட்டி, லேசாக அமுக்கி, மேலே கோலம் போடுங்கள். ஈரானியப் பெண்கள் தையல் விரற்பூணை மேலே அழுத்திப் பிறை பிறையாக அடையாளம் வைப்பது வழக்கம். டீஸ்பூன் நுனி, பேனா மூடி எதுவும் ஆகும். அழுத்தும்போது ஓரம் வெடித்தால் மாவு காய்ந்திருக்கிறது. அரை டீஸ்பூன் பன்னீரைக் கையில் தொட்டு மறுபடி பிசைந்துகொள்ளலாம். நடுவில் ஒரு சிட்டிகை கசகசா. அங்கே கருநிறக் கசகசா போடுவார்கள், வெள்ளைப் பிஸ்கட்டில் எடுப்பாகத் தெரியும். நம் ஊர் வெள்ளைக் கசகசா கண்ணுக்கே தெரியாது. கருஞ்சீரகம் நாலைந்து மணி வைத்தால் அழகு வந்துவிடும், அதுவும் அங்கே உள்ள வழக்கம்தான். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகள் சிலவற்றிலும் கசகசாவுக்குத் தடை உண்டு. அங்கே இருப்பவர்கள் ஊரிலிருந்து பொட்டலம் கட்டி வரவழைக்க நினைக்காதீர்கள், கருஞ்சீரகமே போதும்.

150 டிகிரி, 15 முதல் 18 நிமிடம். மேல்பக்கம் வெள்ளையாகவே இருக்கும். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அடி ஓரத்தில் மட்டும் பொன்னிறக் கோடு. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். முட்டை சேர்க்காதவர்கள் மஞ்சள் கருவுக்குப் பதில் இரண்டு டேபிள்ஸ்பூன் சுண்டக் காய்ச்சிய பாலும் 15 கிராம் கூடுதல் நெய்யும் சேர்க்கலாம். வரும், ஆனால் கொஞ்சம் அதிகமாக உதிரும்.

மற்ற மூன்றும்

அக்ரூட் பிஸ்கட்டுக்கு நான் கெர்தூயி என்று பெயர். மாவும் இல்லை, நெய்யும் இல்லை. நாலு மஞ்சள் கரு, 80 கிராம் ஐசிங் சர்க்கரை, 150 கிராம் அக்ரூட், அரை டீஸ்பூன் ஏலக்காய். கருவையும் சர்க்கரையையும் மின் பீட்டரில் ஐந்தாறு நிமிடம் அடித்தால் மஞ்சள் போய் சந்தன நிறமாகும். பீட்டரைத் தூக்கினால் நாடா போல வழிந்து, விழுந்த கோடு சில நொடிகள் அழியாமல் நிற்கும். அதுவரை அடிக்காவிட்டால் ஓவனில் ஆம்லெட் போலப் பரவும். அக்ரூட்டைக் கத்தியால் அரிசி அளவுக்குக் கொத்துங்கள். மிக்ஸியில் பொடித்தால் எண்ணெய் விட்டு, அடித்த நுரையை அமுக்கிவிடும். பட்டர் பேப்பரில் டீஸ்பூனால் சொட்டுச் சொட்டாக, ஐந்து செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். 150 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். தாளிலிருந்து சூட்டோடு பிய்க்காதீர்கள், ஆறினால் தானே கழன்று வரும். அக்ரூட்டை வாங்கியவுடன் ஒன்றை மென்று பாருங்கள். கடைசியில் கசப்பும் பழைய எண்ணெய் வாசனையும் வந்தால் அந்தப் பாக்கெட்டையே இதற்குப் போடக் கூடாது. மறைக்க இதில் வேறு எதுவும் இல்லை.

இதுவரை ஆறு வெள்ளைக் கரு மிச்சம். நாலை எடுத்தால் சுமார் 130 கிராம். அதில் தேங்காய் பிஸ்கட் ஆகிவிடும். இதை நார்கிலி என்கிறார்கள். நார்கில் என்றால் தேங்காய், நாம் சொல்லும் நாளிகேரத்தோடு சொந்தமுள்ள சொல், வடமொழி வழியாக அங்கே போனது. வெள்ளைக் கரு, 130 கிராம் சர்க்கரை இரண்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீரின் ஆவி மேல் வைத்துக் கிளறுங்கள். சர்க்கரை கரைந்து, விரல் வைத்தால் நன்றாகச் சூடு தெரிந்ததும் இறக்கிவிடுங்கள். இன்னும் நின்றால் கரு வெந்துவிடும். 250 கிராம் உலர் தேங்காய்த் துருவலைக் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, சின்னக் குவியல்களாக வைத்து 160 டிகிரியில் 15 நிமிடம், நுனி சிவக்கும் வரை. தேங்காயை உடைத்துத் துருவிப் போட ஆசை வரும். அதில் உள்ள ஈரத்தால் பிஸ்கட் நிற்காது, இரண்டாம் நாள் புளித்த வாசனையும் வரும். கொப்பரையும் வேண்டாம், எண்ணெய் கக்கும். மீதி இரண்டு வெள்ளைக் கரு ஆம்லெட்டுக்கு.

கடைசி வகைக்கு அடுப்பே தேவையில்லை. தூத் என்றால் முசுக்கட்டைப் பழம், அதன் வடிவில் பிடிக்கும் பாதாம் இனிப்பு. தோல் நீக்கிய பாதாம் 150 கிராம், ஐசிங் சர்க்கரை 120, அரை டீஸ்பூன் ஏலக்காய், பன்னீர் இரண்டு டேபிள்ஸ்பூன். தோல் உரித்த பாதாமைத் துணியில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, சர்க்கரையில் பாதியைச் சேர்த்தே விட்டு விட்டு அரையுங்கள். தனியாக அரைத்தால் விழுதாகிவிடும். மீதி சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, பன்னீரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுப் பிசைந்தால் சப்பாத்தி மாவை விடச் சற்றுக் கெட்டியாக வரும். 8 கிராம் எடுத்து ஒரு பக்கம் கூர்மையாக உருட்டி, சாதா சர்க்கரையில் புரட்டி, தலையில் ஒரு பிஸ்தாச் சீவலைக் காம்பாகக் குத்தினால் பழம் ரெடி. புரட்டிய சர்க்கரை கரைந்து வழிந்தால் பன்னீர் கூடிவிட்டது. அரை மணி நேரம் திறந்து வைத்து, பிறகு மறுபடி புரட்டுங்கள்.

பிஸ்தாச் சீவலுக்கு உப்புப் போடாத பிஸ்தாவை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் தோலைக் கசக்கி எடுங்கள். ஈரம் இருக்கும்போதே நீளவாக்கில் சீவினால் உடையாது, பச்சை நிறமும் பளிச்சென்று இருக்கும்.

ஐந்தையும் ஒரே நாளில் செய்ய முயல வேண்டாம். முதல் நாள் மாலை நொஹொத்சிக்கும் பெரெஞ்சிக்கும் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், மறுநாள் காலையில் இரண்டையும் ஒரே சூட்டில் அடுத்தடுத்துச் சுட்டுவிடலாம். அதே 150 டிகிரியில் அக்ரூட்டையும் முடித்துவிட்டு, கடைசியில் பத்து டிகிரி கூட்டித் தேங்காய். தூத் விருந்துக்கு முந்தின நாள் பிடித்தால் போதும்.

டப்பாக்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். தேங்காய், தூத் இரண்டிலும் ஈரம் உண்டு. ஒரே டப்பாவில் போட்டால் அந்த ஈரத்தை அரிசி பிஸ்கட் இழுத்து ஒரே இரவில் நமத்துவிடும். வாசனையும் ஒன்றோடொன்று கலக்கும். நொஹொத்சி, பெரெஞ்சி இரண்டும் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம் தாங்கும், மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் ஏலக்காய் உள்ளே இறங்கி ருசியே கூடும். அக்ரூட், தேங்காய் வகைகளை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தூத் ஃபிரிட்ஜில் ஒரு வாரம். தட்டில் அடுக்குவது விருந்தாளி வந்த பிறகுதான்.

நொஹொத்சியை மட்டும் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள். எத்தனை அடுக்குத் தாள் வைத்தாலும் போய்ச் சேர்வது மாவாகத்தான். வீட்டிலேயேகூட அடியில் கொஞ்சம் உடைந்து கிடக்கும். அந்தத் தூளைத் திரட்டி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்த்து, சூடான நெய் விட்டு உருண்டை பிடியுங்கள். மாலாடுதான், ஒரு தடவை ஓவனுக்குப் போய் வந்தது.